மருந்து வகைகளைப் படிக்கும்போது ஃபார்மசி டெக்னீஷியன்கள் சறுக்கும் இடங்கள்

பெயரின் கடைசிப் பகுதியைப் பார்த்தே மருந்தின் வகையைச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் சொல்லித்தருவார்கள். 'ஓலால்' என்று முடிந்தால் பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பை மெதுவாக்கும் வகை), 'பிரில்' என்றால் ஏசிஇ இன்ஹிபிட்டர் (ரத்தக் குழாய்களைத் தளர்த்தி பிரஷரைக் குறைக்கும் வகை). சரி, ஆரம்பத்துக்கு இது நன்றாகவே உதவும், ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வதுதான் பெரிய தவறு.

'அசோல்' என்று முடிபவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளூகோனசோல் பூஞ்சைத் தொற்றுக்கு, மெட்ரோனிடசோல் பாக்டீரியாவுக்கும் சில ஒட்டுண்ணிகளுக்கும், ஒமெப்ரசோல் வயிற்று அமிலத்தைக் குறைக்க. இன்னும் கொஞ்சம் முன்னாலிருந்து 'ப்ரசோல்' என்று படித்தால் தப்பிக்கலாம் என்று நினைத்தால் அதுவும் போதாது, ஏனென்றால் ஸ்கிசோஃப்ரினியாவுக்குக் கொடுக்கும் அரிப்பிப்ரசோலும் அப்படியேதான் முடிகிறது. 'பிப்ரசோல்' வரை நீட்டிப் படித்தால்தான் இரண்டும் பிரியும். நிஸ்டாட்டினும் இப்படித்தான். கொலஸ்ட்ராலுக்கான ஸ்டாட்டின்களுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை, அது பூஞ்சைக்கு எதிரான மருந்து.

அடுத்தது, வகையையும் நோயையும் ஒன்றாக்கிவிடுவது. ப்ரோப்ரனோலாலை 'பிரஷர் மாத்திரை' என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள், ஆனால் அதை வாங்க வருபவருக்கு பிரஷரே இல்லாமல் இருக்கலாம். ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கவும் கைநடுக்கத்துக்கும் அதை எழுதுவார்கள். நரம்பு வலிக்காக அமிட்ரிப்டிலின் சாப்பிடுபவரிடம் போய் "இது மனச்சோர்வு மாத்திரைதானே" என்று சொன்னால் அவர் பயந்துபோய் மருந்தையே நிறுத்திவிடக்கூடும். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். மருந்துகளை அவை வேலைசெய்யும் உறுப்பையும் பயன்பாட்டையும் வைத்துப் பிரிக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஏடிசி வகைப்பாட்டிலேயே ஆஸ்பிரின் ரத்தத்துக்கான பிரிவில் ஓரிடத்திலும் வலி மருந்துகளில் இன்னோர் இடத்திலும் இருக்கிறது.

சட்டப்படியான அட்டவணை வேறு கணக்கு. மருந்தை யாருக்கு, எந்தக் கட்டுப்பாட்டோடு கொடுக்கலாம் என்று அது சொல்லும், உடலில் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லாது. நாட்டுக்கு நாடு மாறவும் செய்யும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது அலர்ஜி விஷயத்தில் பெயரை மட்டும் நம்புவது. பெனிசிலின் அலர்ஜி என்றதும் கண் 'சிலின்' என்ற எழுத்துகளைத் தேடும். கோ-அமாக்சிகிளாவ் என்ற பெயரில் அது இல்லை, ஆனால் உள்ளே இருப்பது அமாக்சிசிலின்தான், கூடவே கிளாவுலானிக் அமிலம். பல பிராண்டு பெயர்களிலும் இதே கதைதான். அதனால் அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் உட்பொருள் வரியை முழுவதும் படியுங்கள். துளி சந்தேகம் வந்தாலும் கொடுப்பதற்கு முன்பே ஃபார்மசிஸ்ட்டிடம் காட்டிவிடுங்கள்.