நார்வால் என்ன சாப்பிடுதுன்னு கண்டுபிடிக்கிறது எப்படி?

நார்வால்ங்கிறது ஆர்க்டிக் கடல்ல வாழுற, தலைல நீளமா ஒரு கொம்பு நீட்டிட்டு இருக்குற திமிங்கில வகை. அது சாப்பிடுறத நேர்ல பாக்குறது கிட்டத்தட்ட நடக்காத காரியம். கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவுல இருக்குற பாஃபின் வளைகுடால, பனிக்கட்டிக்கு அடியில, குளிர்கால இருட்டுல முங்கிப் போய் சாப்பிடுற ஜீவன் அது. தொட்டில வச்சு பாக்கலாம்னு 1969, 70ல நியூயார்க்லயும் வான்கூவர்லயும் ட்ரை பண்ணாங்க, சில மாசத்துலயே எல்லாம் செத்துப்போச்சு. அதனால தடயத்த வச்சு துப்பறியுறதுதான் வழி.

மொதல்ல அந்தக் கொம்ப மறந்துடுங்க. அது கொம்பே இல்ல, நீண்டு வளந்த பல்லு, அதாவது தந்தம். பொட்டைல பெரும்பாலானதுக்கு அது கிடையாது, அதுங்களும் நல்லா சாப்பிட்டு வாழத்தான் செய்யுது. கனடாவோட வடக்குல நுனாவுட் பக்கம் எடுத்து 2017ல வெளிவந்த ட்ரோன் வீடியோல ஆர்க்டிக் காட்ங்கிற மீன தந்தத்தால ஒரு தட்டு தட்டி மயங்க வச்சு முழுங்குது, உண்மைதான், ஆனா பசி தீர அது கண்டிப்பா வேணும்னு இல்ல. வாய்க்குள்ள கடிக்கிற பல்லே இல்லாததால இரைய உறிஞ்சி முழுசா உள்ள தள்ளிடும்.

அடுத்து இரைப்பை. அந்தப் பக்கத்து பூர்வகுடிகளான இனுயிட் வேட்டைக்காரங்க பிடிச்ச நார்வாலோட இரைப்பைய வாங்கி, உள்ள இருக்குறத சல்லடைல கொட்டி தண்ணி விட்டு அலசணும். சதையெல்லாம் கரைஞ்சு போயிருக்கும், மிச்சம் ரெண்டுதான்: மீனோட காதுக்கல்லு (காதுக்குள்ள இருக்குற சின்ன கல்லு), கணவாயோட அலகு. வீட்டுல கணவாய் கழுவும்போது வாய்லருந்து பிதுக்கி எடுப்போமே, கிளி மூக்கு மாதிரி கருப்பா, அதேதான். கல்லோட வடிவத்த வச்சு என்ன மீனுன்னும், சைஸ வச்சு எவ்ளோ நீளம்னும் சொல்லிடலாம். ஆனா இங்க ஒரு பொறி இருக்கு, அலகு லேசுல செரிக்காது, பழசெல்லாம் உள்ளயே கெடக்கும், அத அப்படியே எண்ணிட்டு கணவாய்தான் முக்கிய சாப்பாடுன்னு எழுதிடாதீங்க.

எந்த மாசத்து இரைப்பைன்னும் குறிச்சு வைங்க, ரொம்ப முக்கியம். 2005ல வந்த ஆய்வுல 121 நார்வால் இரைப்பைய பாத்திருக்காங்க, கோடைல பெரும்பாலும் காலி, குளிர்காலத்துலதான் கிரீன்லாந்து ஹாலிபட்ங்கிற தட்டை மீனும் கணவாயும் ரொம்பி இருந்துச்சு. கோடை சாம்பிள் மட்டும் கையில இருந்தா இது பட்டினி கெடக்குற பிராணின்னு முடிவு பண்ணிடுவீங்க!

இதோட சாட்டிலைட் டேக் (நார்வால் மேல மாட்டிவிடுற, எங்க போகுது, எவ்ளோ ஆழம் முங்குதுன்னு அனுப்புற கருவி) டேட்டாவ பக்கத்துல வச்சு பாருங்க. குளிர்காலத்துல ஒரு நாளைக்கு 18லருந்து 25 தடவ 800 மீட்டருக்கும் கீழ முங்குது, அடிமட்டத்துல கெடக்குற ஹாலிபட்டுக்குத்தான்னு ரெண்டையும் சேத்தா புரியும். மைக் வச்ச டேக் கெடச்சா இன்னும் நல்லது, இரை தேட அது போடுற டிக் டிக் சத்தம் திடீர்னு நெருங்கி ர்ர்ர்னு ஆச்சுன்னா இரைய பிடிக்கப் போகுதுன்னு அர்த்தம்.

சரி, இப்ப அந்தக் கொம்புக்கு திரும்ப வரலாம். சாப்பிட அது கண்டிப்பா தேவையில்லாட்டியும் சாப்பாட்டுக் கணக்கு அதுலதான் இருக்கு. மரத்துல மாதிரி வருஷத்துக்கு ஒரு அடுக்கு, அத நீளவாக்குல அறுத்து ஒவ்வொரு அடுக்குலயும் ஐசோடோப் (ஒரே தனிமத்தோட வெவ்வேறு எடை கொண்ட அணுக்கள், சாப்பாட்டுக்கு ஏத்த மாதிரி இதோட அளவு மாறும்) பாக்கணும். வடமேற்கு கிரீன்லாந்து தந்தம் 10 எடுத்து 2021ல இப்படி பாத்ததுல, 1990 வரைக்கும் கடல்பனி இருக்குற பகுதியோட சம்பந்தப்பட்ட ஹாலிபட், காட் மாதிரி மீன தின்னதுங்க, அதுக்கப்புறம் தெறந்த கடல் இரைக்கு மாறினது அடுக்கடுக்கா தெரிஞ்சுது.