காற்று மாறும்போது கடலின் இரை மாறுவதைப் பதிவுசெய்யும் முறை

திமிங்கிலச் சுறா எங்கே, எப்போது கூடும் என்பதைப் பெரும்பாலும் அதன் இரையே தீர்மானிக்கிறது. முல்லைத்தீவுக் கடலில் அந்த இரையாகிய மிதவை உயிரிகள் (நீரோட்டத்தோடு மிதந்து செல்லும் நுண்ணுயிர்கள், முட்டைகள் போன்றவை) பருவத்துக்குப் பருவம் எவ்வாறு மாறுகின்றன என்பதை ஒரு பாடசாலையோ கடற்றொழிலாளர் சங்கமோ பெருஞ்செலவின்றிப் பதிவுசெய்யலாம்.

முதலில் வலை. ஸ்கிரீன் பிரின்டிங் செய்பவர்கள் பயன்படுத்தும் நைலோன் துணியில் கண் ஏறத்தாழ 150 மைக்ரோன் உள்ளதை வாங்கி, 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வளையத்தில் ஒரு மீற்றர் நீளக் கூம்பாகத் தைத்து, நுனியில் சிறு போத்தலொன்றை இறுகக் கட்ட வேண்டும். இதனை 100 மீற்றர் தூரம் இழுத்தால் ஏறத்தாழ 7,000 லீற்றர் நீர் வடியும். படகு மிக மெதுவாகச் செல்ல வேண்டும். வேகம் கூடினால் நீர் உள்ளே புகாமல் வலையின் வாயிலேயே விலகிப் போய்விடும்.

இடம், தூரம், நேரம் ஆகிய மூன்றையும் மாற்றவே கூடாது. துடுப்புக்காலிகள் (கொபெபொட் எனப்படும், இறால் இனத்தைச் சார்ந்த மிகச் சிறிய உயிரிகள்) போன்ற பல உயிரிகள் இரவில் மேலெழுந்து பகலில் ஆழத்துக்கு இறங்குபவை. ஆதலால் விடியற்காலை இழுப்பையும் நண்பகல் இழுப்பையும் ஒப்பிட்டுப் பருவமாற்றம் என்று எழுதுவது வீண்வேலை.

எடுத்தவுடன் ஒரு துளியை உயிரோடு நுணுக்குக்காட்டியில் பாருங்கள். இரு நீண்ட உணர்கொம்புகளை விரித்து, அசையாதிருந்து, திடீரெனத் துள்ளி மறைவது துடுப்புக்காலி. ஒரு மில்லிமீற்றர் அளவில், கண்ணாடி போன்று தெளிந்த உருண்டையாக, பெரும்பாலும் உள்ளே எண்ணெய்த் துளியோடு தெரிவது மீன்முட்டை. பின்னர் இழுதுமீன்களை அகற்றி, மீதியைப் பழுதாகாமல் காக்க 4 வீதப் போமலினில் இட்டு (கையுறை அவசியம்), அளவுசாடியில் ஒரு நாள் படியவிட்டு, படிவின் அளவை மில்லிலீற்றரில் குறிக்க வேண்டும்.

வாடைக் காலத்தில் (வடகீழ்ப் பருவக்காற்று வீசும் காலம்) கடலுக்குப் போகக்கூடிய நாட்கள் குறைவு. ஆனாலும் தவறவிடக்கூடாத காலம் அதுதான். வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த நீர் வாடையின் தொடக்கத்தில் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே இறங்குகிறது. மாரி வெள்ளத்தால் நாயாறு, நந்திக்கடல் முகத்துவாரங்கள் திறந்து களப்புநீரும் கலக்கிறது. நந்திக்கடல் முகத்துவாரம் உள்ள வட்டுவாகலுக்கு எதிரே இழுத்தால் போத்தலின் அடியில் கபில நிறமாக முதலில் படிவது சேறே. அதை உயிரிகளின் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். சோளகக் காலத்தில் (தென்மேல் பருவக்காற்று வீசும் காலம்) கரையோரம் அமைதியாக இருந்தாலும், இலங்கைக்குக் கிழக்கே ஆழ்கடலில் உருவாகும் பெருஞ்சுழி போசணை நிறைந்த கீழ்நீரை மேலே கொண்டுவருகிறது. அதன் பலன் நம் கரைவரை எட்டுகிறதா என்பதை மாதந்தோறும் தவறாத பதிவே காட்டும்.

நீரின் நிறத்தை மட்டும் நம்புவது, என் கருத்தில், இவ்வேலையின் பெரிய பொறி. பச்சை நிறம் தாவர மிதவைகளைக் காட்டும். அவற்றைத் தின்னும் துடுப்புக்காலிகள் பெருகப் பின்னும் நாட்களாகும். மெக்சிக்கோவின் யுகற்றான் கரைக்கு அப்பால், 2009இல் ஒரே பறப்பில் 420 திமிங்கிலச் சுறாக்கள் வரை எண்ணப்பட்ட கடற்பகுதி தெளிந்த நீலமானது. அவை அங்கு தின்றது சூரைமீன் இனமொன்றின் முட்டைகளை. எனவே படிவின் அளவோடு, அதில் முட்டைகள் எத்தனை பங்கு என்பதையும் எழுத வேண்டும்.

சுறாவையே கண்டால், வாய் திறந்து மேற்பரப்பில் மேய்கிறதா, வெறுமனே கடந்து செல்கிறதா என்று குறித்துக்கொண்டு, இயந்திரத்தை நிறுத்துங்கள். அது விலகிச் சென்ற பின்பே அந்த நீரில் வலையை இழுக்க வேண்டும்.