நண்பரே முதலாளியாக இருக்கும்போது வேலையிலிருந்து விலகுவது எப்படி

திருப்பூரின் சிறிய பனியன் ஏற்றுமதி நிறுவனங்களில், கல்லூரித் தோழர் தொடங்கிய கம்பெனியில் மெர்ச்சண்டைசராகவோ (ஆர்டர்களை முன்னின்று கவனிப்பவர்) கணக்கராகவோ சேர்ந்து, சில ஆண்டுகள் கழித்து விலக நினைத்துத் தவிப்பவர்கள் பலர். பெரும்பாலும் அவர்களிடம் நியமனக் கடிதம்கூட இருக்காது. "வாடா, பார்த்துக்கலாம்" என்ற ஒரு சொல்லில் தொடங்கிய வேலை அது. அதனாலேயே வாய்ச்சொல்லில் முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். மனக்கசப்பும் அங்கேதான் பிறக்கிறது. நண்பரிடம் நேரில் சொல்ல வேண்டும், முதலாளியிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். இரண்டும் தேவை, அதுவும் இந்த வரிசையிலேயே.

சம்பளம் மட்டும்தான் குறை என்றால், விலகும் பேச்சை எடுக்காமல் சம்பள உயர்வையே கேளுங்கள். விலகுவதாகச் சொல்லி உயர்வு பெறுவது மற்ற இடங்களில் பேரமாக இருக்கலாம். நண்பர் அதை மிரட்டலாகத்தான் நினைவில் வைத்திருப்பார். முடிவு உறுதியாகிப் புதிய இடத்தின் கடிதமும் கைக்கு வந்துவிட்டால், பிறகு தாமதிக்க வேண்டாம். திருப்பூரில் உங்கள் பழைய முதலாளியும் புதிய முதலாளியும் ஒரே சாயப்பட்டறைக்குத் துணி அனுப்புபவர்களாக இருக்கக்கூடும். செய்தி அந்த வழியாகப் போய்ச் சேர்ந்தால், நீங்கள் விலகியதைவிட மறைத்ததே அவருக்குப் பெரிதாகத் தெரியும்.

ஷிப்மென்ட் வாரத்திலும், தீபாவளி போனஸ் கணக்குப் போடும் நாட்களிலும் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். அவருடைய வீட்டில், குடும்பத்தார் நடுவிலும் வேண்டாம். வேலை முடிந்த மாலையில், கம்பெனிக்கு வெளியே, இருவர் மட்டும் இருக்கும்போது முடிவை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்: "வேற கம்பெனிக்குப் போறதா முடிவு பண்ணிட்டேன்டா. வேற யாரும் சொல்றதுக்கு முன்னாடி நானே உன்கிட்ட சொல்லணும்னு வந்தேன்." அதற்கு அவர், "நீயே இப்படிப் பண்ணலாமா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதிலாகப் பல ஆண்டுக் குறைகளை அவிழ்த்துக் கொட்டுவது கூடாது. உண்மையான காரணம் ஒன்றைச் சொல்லுங்கள். அது அவருடைய நிர்வாக முறையாகவே இருந்தால், வேலையைப் பற்றி மட்டும் பேசுங்கள். அவருடைய குணத்தைத் தொடாதீர்கள்.

ஓரிரு நாளில் கடிதத்தைக் கொடுங்கள். "மதிப்பிற்குரிய" என்று நண்பருக்கே எழுதுவது சற்று வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனாலும் அப்படியே எழுதுங்கள். காரணங்களோ நினைவுகளோ அதில் வேண்டாம். விலகும் முடிவும் கடைசி வேலை நாளும் பொறுப்பை ஒப்படைக்கும் உறுதியும் போதும். தேதியை மட்டும் கட்டாயம் குறிப்பிடுங்கள். "இந்த ஆர்டர் முடியட்டும்" என்று அவர் கேட்பது நியாயமாகவே தோன்றும், ஆனால் ஓர் ஆர்டர் முடிவதற்குள் அடுத்ததற்கான சாம்பிள் தயாராகிவிடும் தொழிலில் அந்த நாள் வரவே வராது.

ஒப்படைப்பில் கோப்புகளைவிடக் கவனிக்க வேண்டியது உங்கள் கைபேசி எண். சிறு கம்பெனிகளில் ஜிஎஸ்டி தளத்துக்கும், சில நேரம் வங்கிக் கணக்குக்கும்கூட, நம்பிக்கையான நண்பரின் எண்ணையே பதிவு செய்திருப்பார்கள். நீங்கள் போன பிறகு, கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாளில் ஓடிபிக்காக உங்களை அழைக்க வேண்டிய நிலை இருவருக்குமே நல்லதல்ல. கடைசி நாளுக்கு முன்பே எல்லா எண்களையும் மாற்றி, மாறிவிட்டதைச் சோதித்தும் பாருங்கள்.

எழுத்தில் இல்லாத பணக் கணக்குகளையும் அப்போதே தீர்த்துக்கொள்ள வேண்டும். கைமாற்றாக வாங்கியது, கொடுத்தது, உங்கள் பெயரில் தவணை ஓடும் கம்பெனி வண்டி என அனைத்தையும் ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அவருடைய வங்கிக் கடனுக்கு நீங்கள் ஜாமீன் போட்டிருந்தால், வேலையை விட்டதனால் அந்தப் பொறுப்பு நீங்கிவிடாது. வங்கியே எழுத்தில் விடுவிக்க வேண்டும்.

பணிக்கொடையை (கிராஜுவிட்டி) கேட்கப் பலரும் கூச்சப்படுகிறார்கள். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்தாண்டு தொடர்ச்சியாகப் பணியாற்றியவருக்கு அது சட்டப்படி சேர வேண்டிய தொகை. பணிக்கொடைக்குக் கணக்கில் எடுக்கும் கடைசி மாதச் சம்பளம் 26,000 ரூபாய் என்றால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி ஓராண்டுக்கு 15,000 ரூபாய்; எட்டாண்டுக்கு 1,20,000 ரூபாய். அதை 30 நாளுக்குள் தர வேண்டும். வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் விலகிய தேதியை நிறுவனம் பதிவு செய்ததா என்றும் பாருங்கள். விட்டுப்போயிருந்தால், கடைசிப் பங்களிப்பு செலுத்தி இரண்டு மாதம் கழித்து உறுப்பினர் தளத்தில் நீங்களே பதிவு செய்யலாம். இவற்றை அவரிடம் கேட்பதைவிடக் கணக்கரிடம் கேட்பதே எளிது.

போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்று எழுதி வாங்கியிருந்தாலும், வேலையை விட்ட பிறகு அத்தகைய தடை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. விலைப்பட்டியலையும் டிசைன்களையும் எடுத்துச் செல்வது வேறு விஷயம். நல்ல டெய்லர்களை உடன் அழைத்துப் போவது பற்றிச் சட்டம் என்ன சொன்னாலும், நட்பு தாங்காது.

விலகிய பிறகு ஒரு மாதம் வரை வேலைச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்வதாக முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் கேட்டால், உங்கள் இடத்துக்கு வந்தவரிடம் கேட்கச் சொல்லிவிடலாம்.