பார்பியைப் படம் எடுக்க எல்லாவற்றையும் ஆறால் பெருக்குங்கள்

போன சித்திரையில் கனடாவில் இருந்து வந்த மச்சாள் எனக்கு ஒரு பார்பி கொண்டுவந்து தந்தாள். 22 மூட்டுகள் மடங்கும் வகை. முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் எல்லாம் நாங்கள் நினைத்தபடி நிற்கும். அம்மம்மாவின் பழைய நைலெக்ஸ் சீலையில் ஒரு துண்டு வெட்டி உடுத்தி, பின்னேரம் யாழ்ப்பாணக் கோட்டையடிக்குக் கொண்டுபோய் அறுபது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்றில்கூடப் பெண் இல்லை. தலை பெருத்து, கால் சூம்பி, புல்லுக்குள் வைத்த பிளாஸ்ரிக் சாமான்தான் இருந்தது. உடுப்பும் சரி, இடமும் சரி, வெளிச்சமும் சரி. பிறகு ஏன் இப்படி?

விடை கிடைக்க இரண்டு மாதம் ஆனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். போனில் படம் எடுக்கத் தெரியும், பாவைப்பிள்ளை ஒன்றும் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆறு என்ற எண்

பார்பியின் உயரம் பதினொன்றரை அங்குலம், கிட்டத்தட்ட 29 சென்ரிமீற்றர். ஆறால் பெருக்கினால் 174. உயரமான ஒரு பெண்ணின் அளவு. 1959 மார்ச் 9 அன்று நியூயோர்க் விளையாட்டுப் பொருள் கண்காட்சியில் மற்றெல் நிறுவனம் அறிமுகப்படுத்திய முதல் பார்பியும் இதே உயரம்தான். ரூத் ஹான்ட்லர் அதை உருவாக்க நினைத்ததே, தன் மகள் குழந்தைப் பொம்மைகளை விட்டுவிட்டு, வளர்ந்த பெண்களின் கடதாசிப் பொம்மைகளுக்கு உடுப்பு மாற்றி விளையாடுவதைக் கண்டுதான். இந்த வயதில் பாவைப்பிள்ளையோடு என்ன வேலை என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். தொடக்கத்தில் இருந்தே இவள் வளர்ந்த பெண். உடுத்திப் பார்ப்பதற்கென்றே பிறந்தவள். அவளுக்குச் சீலை தைப்பதும், அவள் நிற்க ஓர் ஊர் அமைப்பதும், அதை வெளிச்சம் பார்த்துப் படம் எடுப்பதும் எனக்குக் கிடைத்த மிக நல்ல பொழுதுகள்.

ஆறு என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வருவதெல்லாம் அதில் இருந்துதான் வருகிறது.

(பிளைத் வைத்திருப்பவர்களுக்கு: 1972இல் கெனர் நிறுவனம் வெளியிட்ட, பின்னால் உள்ள நூலை இழுத்தால் கண்ணின் நிறம் மாறும் பாவை அது. உயரம் பார்பியோடு ஒத்துப்போனாலும் தலை மிகப் பெரிது. அவளை மனுசியாகக் காட்ட முயலாமல், கதைப் படத்தில் வரும் ஒருத்தியாகவே எடுங்கள். அதுதான் அவளுக்கு வடிவு.)

சீலை

உண்மையான சீலை ஐந்தரை மீற்றர் நீளம். ஆறால் வகுத்தால் 92 சென்ரிமீற்றர். அகலம் 19 சென்ரிமீற்றர் போதும். கணக்கு இப்படிச் சொன்னாலும், 92ஐயும் சுற்றினால் இடுப்பு உரல் போல ஆகிவிடும். துணியின் தடிப்பை மட்டும் எங்களால் ஆறால் வகுக்க முடியாதே. அதனால் உள்சுற்றை விட்டுவிடுங்கள். 65, 70 சென்ரிமீற்றர் துண்டில் கொய்யகம் நாலு, ஒவ்வொன்றும் இரண்டு சென்ரிமீற்றர் அகலம், பிறகு முந்தானை. அவ்வளவுதான்.

தடித்த பருத்தி வேண்டாம். அது விறைத்து நிற்கும். பழைய நைலெக்ஸ், வொயில், மெல்லிய சால்வை நல்லது. கொய்யகத்தை மடித்துக் குண்டூசி குத்தி, தண்ணீர் தெளித்து, ஓர் இரவு தடித்த புத்தகத்துக்குக் கீழே வையுங்கள். காலையில் எடுத்து உடுத்தினால் மடிப்பு நேராக விழும். கரை 8 மில்லிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. எட்டு என்றாலே அவளுக்கு அது 5 சென்ரிமீற்றர் கரை.

தலைமுடிக்குத் தேங்காயெண்ணெய் வைக்காதீர்கள். எங்கள் கை தானாக அங்கேதான் போகும். எண்ணெய் போகாது, தூசு பிடித்துக் கட்டிவிடும். அகலப் பல் சீப்பும் கொஞ்சம் தண்ணீரும் போதும். பறக்கிற ஒரு மயிரைக்கூட விடாதீர்கள். ஆறு மடங்கில் அது கயிறு மாதிரித் தெரியும்.

நிற்க வைப்பது

பார்பி தானாக நிற்க மாட்டாள். மே முதல் செப்ரெம்பர் வரை சோளகக் காற்று அடிக்கிற நாட்களில் கேட்கவே வேண்டாம். வீட்டுக்குள் என்றால் சுவரில் படம் ஒட்டும் புளூராக் பசையில் ஒரு துளி பாதத்துக்குக் கீழே வைத்தால் போதும். வெளியில் நான் முதலில் ஈர்க்கைத்தான் பாவித்தேன், வளைந்து விழுந்தது. இப்போது பழைய சைக்கிள் கம்பி. ஒரு முனையைப் பத்து சென்ரிமீற்றர் மண்ணில் இறக்கி, மறு முனைக்குத் துணி சுற்றி, சீலைக்குள்ளால் முதுகோடு சேர்த்துத் தங்கூசியால் இடுப்பில் கட்டுங்கள். முன்னால் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் தெரிந்தாலும் ஸ்னாப்சீட் செயலியில் அழித்துவிடலாம்.

நிற்கும்போது இரண்டு காலிலும் பாரத்தைச் சமமாக வைக்காதீர்கள். நாங்கள் யாரும் அப்படி நிற்பதில்லை. ஒரு முழங்காலைக் கொஞ்சம் மடித்து, எதிர்ப் பக்க இடுப்பைத் தள்ளி, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தால் உயிர் வந்துவிடும்.

கமராவின் உயரமும் தூரமும்

என்னை இரண்டு மாதம் அலைய வைத்த இடம் இதுதான். ஆறுதலாக வாசியுங்கள்.

அன்று கோட்டையடியில் நான் குனிந்து நின்று எடுத்தேன். என் போன் நிலத்தில் இருந்து ஒன்றரை முழம், அதாவது எழுபது சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்திருக்கும். ஆறால் பெருக்கிப் பாருங்கள். நாலு மீற்றருக்கு மேல். மாடி வீட்டுப் பல்கனியில் நின்று ஒரு பெண்ணைக் கீழே பார்த்து எடுத்த மாதிரி! பொம்மை என்று கண் கண்டுபிடிப்பது இந்தப் பார்வைக் கோணத்தால்தான். நாங்கள் வாழ்நாள் முழுக்கப் பொம்மைகளை மேலே இருந்துதான் பார்த்திருக்கிறோம்.

அவளுடைய கண் மட்டம் 27 சென்ரிமீற்றர். என்னிடம் உள்ள பால்மா பேணியின் மேல் போனை நட்டமாக நிறுத்தி, பின்னால் இன்னொரு பேணியோடு சேர்த்து றப்பர்பாண்ட் போட்டால் கமராக் கண் சரியாக அந்த மட்டத்துக்கு வருகிறது. போனை வெறும் நிலத்தில் நட்டமாக வைத்தால் 14, 15 சென்ரிமீற்றர். அது அவளுடைய இடுப்பு மட்டம், முழு உருவப் படத்துக்கு மிக நல்லது. அவள் நிலத்தில் அமர்ந்திருக்கும் படம் என்றால் அதுவே அவளுடைய கண் மட்டம். போனைத் தலைகீழாக வைத்தால் கமரா நிலத்தை ஒட்டி வரும், அவள் கோபுரம் போல எழுந்து நிற்பாள். எப்போதாவது ஒரு படத்துக்கு நன்றாக இருக்கும்.

முக்காலி வாங்கப் போகிறவர்களுக்கு என் சொல்: வேண்டாம். கடைகளில் உள்ள முக்காலிகள் பெரும்பாலும் மனிதர் உயரத்துக்குச் செய்தவை. மிகத் தாழ்த்தினாலும் அவளுடைய தலைக்கு மேலேதான் நிற்கும். பேணி போதும்.

இனித் தூரம். தலை பெருத்துக் கால் சூம்பியது இதனால்தான். படத்தை நிரப்ப வேண்டும் என்று மற்றப் படங்களுக்கு இன்னும் இறங்கி, பதினைந்து சென்ரிமீற்றருக்குக் கிட்டப் போனேன். ஆறால் பெருக்கினால் 90 சென்ரிமீற்றர். ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே அவ்வளவு கிட்டப் போனைப் பிடித்து முழு உருவத்தை எடுத்தால் அவளும் அப்படித்தான் இருப்பாள். ஆளை நாங்கள் வழக்கமாக மூன்று மீற்றர் தள்ளி நின்று எடுக்கிறோம். ஆறால் வகுத்தால் 50 சென்ரிமீற்றர். அந்தத் தூரத்தில் போனை வைத்து, இரண்டு மடங்கு சூம் போட்டால், நட்டமாகப் பிடித்த படத்தில் அவள் தலை முதல் கால் வரை கொஞ்ச இடம் விட்டுச் சரியாக நிறைவாள். இன்று உங்களுக்கு நேரம் குறைவு என்றால் இந்த ஒன்றை மட்டும் செய்து பாருங்கள்: ஐம்பது சென்ரிமீற்றர், இரண்டு மடங்கு, பேணி உயரம்.

*பிறகு சேர்த்தது:* இதை வாசித்த ஒரு தங்கை, கிட்டப் போனவுடன் படம் திடீரென்று அகன்று வேறு மாதிரி ஆகிறது என்று எழுதியிருந்தார். சில போன்கள் கிட்டே உள்ள பொருளைக் கண்டதும் தாங்களாகவே அகல லென்ஸுக்கு மாறிவிடும். செற்றிங்ஸில் தானியங்கி மக்ரோவை நிறுத்திவிடுங்கள். அதே போல மூன்று, ஐந்து மடங்கு சூம் லென்ஸ்கள் பல கிட்டத்தில் குவியாது. போன் சொல்லாமல் கொள்ளாமல் பெரிய லென்ஸின் படத்தை வெட்டிப் பெருப்பித்துத் தரும். படம் மெழுகு மாதிரி இருந்தால் காரணம் இதுதான்.

பின்னணியை மங்க வைக்காதீர்கள்

எல்லாரும் போர்ட்ரெயிற் மோட் போடச் சொல்வார்கள். நான் போட வேண்டாம் என்கிறேன். முதலாவது, அது தலைமுடியின் ஓரத்தைக் கடித்துவிடும். இரண்டாவது இன்னும் பெரிய விசயம். மிகச் சிறிய பொருளை மிகக் கிட்ட எடுக்கும்போதுதான் பின்னணி அவ்வளவு மங்கும் என்பது எங்கள் கண்ணுக்குப் பழகிய பழக்கம். மங்கல் கூடக் கூட அவள் சிறுத்துக்கொண்டே போவாள். அதனால்தான் இந்த வேலைக்குப் பெரிய கமராவைவிடப் போனையே நான் விரும்புகிறேன். அதன் சின்ன சென்சரில் முன்னும் பின்னும் தெளிவாக விழும். பெரிய கமராதான் வைத்திருக்கிறேன் என்றால் லென்ஸ் துவாரத்தின் எண்ணை எஃப் 8, எஃப் 11க்குக் கீழே இறக்காதீர்கள்.

கோட்டையைப் பின்னணியில் வைக்கும் வழியும் இதுதான். அவளை ஒரு தாழ்ந்த மதிலின் மேல் நிறுத்தி, கமராவை மதிலின் மட்டத்துக்கு இறக்குங்கள். மதிலின் மேல்விளிம்பு அவளுடைய தரையாகிவிடும். அதற்கும் கோட்டைக்கும் இடையில் உள்ள நிலம் மறைந்துவிடும். தூரத்துச் சுவர் அவளுடைய அளவுக்குச் சரியாக வந்து பொருந்தும். புல்லில் வைத்தால் இது நடக்காது. ஒரு புல் அவளுடைய முழங்காலுக்கு மேலே வந்து உண்மையைச் சொல்லிவிடும். கோயில் மதில்களில் மட்டும் வைக்காதீர்கள், கும்பிட வருகிறவர்களின் மனம் நோகக் கூடாது.

செடிகளிலும் இதே கணக்கு. வேப்பிலை ஒன்று அவளுக்குச் சுளகு அளவு. முருங்கையிலை ஒன்றரை சென்ரிமீற்றர், ஆறால் பெருக்கினால் ஒன்பது. நல்ல மர இலை அளவு! என் படங்களில் வரும் சோலை எல்லாம் பேணிக்குள் குத்திய முருங்கைக் கொப்புகள். மணற்காட்டுக்குப் போய் மணல் மேட்டில் எடுத்தேன். கிட்டத்து மணல் ஒவ்வொன்றும் சல்லிக்கல்லாகத் தெரிந்தது. இப்போது வளவுச் செம்மண்ணை அரிதட்டில் அரித்து, காலடியில் மட்டும் தூவுகிறேன். பழைய அரிதட்டு ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள், குசினியில் உள்ளதைத் தொட வேண்டாம்.

வெளிச்சம்

எங்கள் ஊரில் சூரியன் கிட்டத்தட்ட நேராக இறங்கிவிடும். மஞ்சள் வெயில் அரை மணித்தியாலம்தான். ஐந்தரைக்கு முதலே எல்லாம் நிறுத்தி வைத்துவிட்டுக் காத்திருங்கள். ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ற் கடைசியை ஒட்டியும் மத்தியானச் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும். அந்த நேரத்தில் முன்மயிரின் நிழல் கண்ணை மூடிவிடும், பிளாஸ்ரிக் தோலும் மினுங்கும். மினுக்கத்துக்கு முகப் பவுடரைப் பஞ்சில் தொட்டு இலேசாக ஒற்றினால் போதும்.

வீட்டுக்குள் யன்னலைப் போல ஒன்றும் இல்லை. நாலடி யன்னல் அவளுக்கு இருபத்துநாலடி வெளிச்சம். அவளைப் பக்கவாட்டில் நிறுத்தி, மறுபக்கம் ஒரு வெள்ளை றெஜிபோம் (தெர்மோகோல்) அட்டையை வையுங்கள், நிழல் இளகும். றிங் லைற் வாங்காதீர்கள். தீட்டிய கண்ணில் வட்டமாக மினுங்கும், எங்கே எடுத்தாலும் ஒரே படம்தான் வரும்.

எடுத்து முடிந்த பிறகு

மணல் மூட்டுக்குள் போனால் அரைத்துவிடும். மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டுத்தான் கையை மடிக்க வேண்டும். காருக்குள் வெயிலில் விட்டுப் போகாதீர்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தால் துடைக்கவே கூடாது, அது பிளாஸ்ரிக்கைக் கரைக்கும்.

*இன்னொன்று சேர்க்க வேண்டி வந்தது:* சிவப்புச் சீலையைக் கழற்றினால் காலெல்லாம் ரோசா நிறம், என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கடும் நிறத் துணியின் சாயம் வினைலுக்குள் ஊறிவிடும். பருவுக்குப் பூசும் பென்சோயில் பெரொக்சைட் கிறீமைக் கறையில் மட்டும் பூசி, மேலே பொலித்தீன் சுற்றி, வெயிலில் சில மணித்தியாலம் வைத்துப் பாருங்கள். போகாவிட்டால் அடுத்த நாளும் செய்யலாம். முகத்தில் பூசாதீர்கள், தீட்டிய நிறம் வெளுக்கும். அளவுக்கு மிஞ்சினால் தோலும் வெளுக்கும், அதனால் இடைக்கிடை பார்க்க வேண்டும். வராமல் தடுக்க, சிவப்பு, கறுப்பு, கடும் நீலத் துணிகளை வெட்டுவதற்கு முதல் தண்ணீரில் ஊறவைத்து, சாயம் விடாத வரை அலசுங்கள். உள்ளே வெள்ளை வொயிலில் ஒரு உள்பாவாடையும் தையுங்கள். படம் முடிந்த அன்றே சீலையைக் கழற்றி, பழைய வெள்ளை வேட்டித் துண்டில் அவளைச் சுற்றி அலுமாரியில் வையுங்கள். 1960களின் பார்பி யாரிடமாவது இருந்தால், காதில் உள்ள உலோகத் தோட்டை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். அதன் துரு வினைலில் இறங்கி, காது பச்சையாகிவிடும்.