நீல மைலில் கொடி பிடிக்க: நினைவு ஓட்டங்களில் முதல்முறை தன்னார்வலராகப் போகிறவர்களுக்கு

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று மரீன் கோர் மாரத்தான் நடக்கும். மரீன் கோர் என்பது அமெரிக்கப் படைகளில் ஒன்று. 1976-ல் தொடங்கியது. 26.2 மைல், பரிசுப் பணம் கிடையாது. அதன் பாதை பொட்டோமாக் ஆற்றின் கரையில் ஹெய்ன்ஸ் பாயிண்ட் என்ற முனையைச் சுற்றி வரும். பாதித் தூரம் நெருங்கும்போது அங்கே சத்தம் சட்டென்று அடங்கிவிடும். போரில் இறந்தவர்களின் படங்கள் சாலையோரம் வரிசையாக நட்டு வைக்கப்பட்டிருக்கும். முகம், பெயர், பதவி, இறந்த நாள். அதுவரை பேசிக்கொண்டு ஓடியவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். காதில் இருப்பதைக் கழற்றுவார்கள். சிலர் நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். படங்கள் முடிந்ததும் அமெரிக்கக் கொடிகளைப் பிடித்தபடி மனிதர்கள் நிற்பார்கள். இதைத்தான் நீல மைல் என்கிறார்கள். அந்தக் கொடிகளைப் பிடித்து நிற்பவர்கள் தன்னார்வலர்கள். நான்கு வருடமாக நானும் அதில் ஒருத்தி.

வர்ஜீனியாவில் இருக்கும் தமிழ் நண்பர்கள் "நாங்களும் வரலாமா, நாங்கள் இந்த நாட்டுக் குடிமக்கள்கூட இல்லையே" என்று கேட்கிறார்கள். வரலாம். எப்படி என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: எந்த ஓட்டம் என்று முடிவு செய்யுங்கள்

எல்லா நினைவு ஓட்டமும் ஒரே மாதிரி இல்லை. நீல மைலை நடத்துவது வேர் ப்ளூ (நீலம் அணியுங்கள்) என்ற அமைப்பு. 2010-ல் வாஷிங்டன் மாநிலத்தில், லூயிஸ்-மெக்கார்ட் படைத்தளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டுபாண்ட் ஊரில் தொடங்கியது. அந்தத் தளத்திலிருந்து ஆப்கானிஸ்தானுக்குப் போன படைப்பிரிவு ஒன்று நிறையப் பேரை இழந்திருந்தது. அமைப்பைத் தொடங்கியவர்களில் லிசா ஹாலெட் ஒருவர். அவருடைய கணவர் கேப்டன் ஜான் ஹாலெட் 2009 ஆகஸ்ட் 25 அன்று ஆப்கானிஸ்தானில் இறந்தார். துக்கத்தைத் தாங்க ஓட ஆரம்பித்த சிலர் சேர்ந்து ஓடினார்கள், அது அமைப்பாயிற்று. ஓட்டத்துக்கு முன் வட்டமாக நின்று இறந்தவர்களின் பெயரை ஒவ்வொருவராக உரக்கச் சொல்வது இவர்கள் வழக்கம்.

இன்னொன்று 'ரன் ஃபார் த ஃபாலன்', வீழ்ந்தவர்களுக்கான ஓட்டம். 2008 கோடையில் சிலர் கலிபோர்னியாவின் ஃபோர்ட் இர்வினிலிருந்து ஆர்லிங்டன் ராணுவக் கல்லறைத் தோட்டம்வரை ஓடினார்கள். ஈராக் போரில் இறந்த ஒவ்வொரு அமெரிக்கப் படையினருக்கும் ஒரு மைல் என்று நாலாயிரம் மைலுக்கு மேல். இப்போது பல மாநிலங்களில் அதே முறையில் நடக்கிறது. ஓடும் குழு ஒவ்வொரு மைலிலும் நிற்கும், பெயரை வாசிக்கும், வணக்கம் செலுத்தும், அடுத்த மைலுக்குக் கிளம்பும். சில இடங்களில் அந்த மைல்கல்லில் குடும்பமே காத்திருக்கும்.

முதல்முறை என்றால் உங்கள் ஊருக்குப் பக்கத்தில், மே மாதக் கடைசித் திங்களான மெமோரியல் டேயை ஒட்டி நடக்கும் சின்ன ஓட்டத்துக்குப் போங்கள். படைத்தளத்துக்கு உள்ளே நடப்பதென்றால் வாசலில் அடையாளச் சோதனை இருக்கும். குடிமக்கள் அல்லாதவர்கள் பதிவு செய்வதற்கு முன்பே அமைப்பாளரிடம் கேட்டுவிடுவது நல்லது. பொதுச் சாலையில் நடப்பதற்கு இந்தச் சிக்கல் இல்லை.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மெமோரியல் டே இறந்தவர்களுக்கான நாள். நவம்பர் 11 வெட்டரன்ஸ் டே, படையில் பணியாற்றிய எல்லோருக்குமான நாள். அதனால் மே மாதத்தில் யாரிடமும் "ஹாப்பி மெமோரியல் டே" என்று சொல்லாதீர்கள். எல்லாக் கடையிலும் அப்படித்தான் எழுதி ஒட்டியிருப்பார்கள். மகனைப் பறிகொடுத்த அம்மாவின் காதில் அது எப்படி விழும் என்று யோசித்தால் போதும்.

படி 2: பதிவு செய்து வேலையைக் கேட்டு வாங்குங்கள்

அமைப்பின் தளத்தில் தன்னார்வலர் படிவம் இருக்கும். எண் பட்டை கொடுப்பது, தண்ணீர் மேசை, திருப்பங்களில் வழிகாட்டுவது, படம் நடுவது, கொடி பிடிப்பது என்று வேலைகள் பல. தண்ணீர் மேசை எளிது: கோப்பையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே ஊற்றுங்கள், விளிம்பைப் பிடித்து நீட்டுங்கள், அவர்கள் எடுக்கும்போது கையைத் தளர்த்துங்கள். ஆனால் என் யோசனை, முதல் தடவையே படம் நடும் வேலையைக் கேளுங்கள். பொழுது விடியும் முன்னே போக வேண்டும், குளிரும். இருந்தாலும் ஒவ்வொரு முகத்தையும் அருகில் பார்க்கிற வேலை அது ஒன்றுதான்.

படி 3: ஒரு பெயரைச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் படிதான் முக்கியம், இதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தரமாட்டார்கள். நான் என் முதல் வருடம் தெரியாமல் போய் நின்றேன். எங்கள் வட்டத்தில் என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். பெயரைச் சரியாகத்தான் வாசித்தேன், முன்னால் இருந்த பதவியை மட்டும் நம் ஊர்ப் பழக்கத்தில் "லெஃப்டினன்ட்" என்றேன். பக்கத்தில் நின்ற பெரியவர் முகம் சுளிக்கவில்லை. முடிந்தபிறகு என் தோளைத் தொட்டு, "லூட்டெனன்ட், அம்மா" என்றார். நான் வாசித்த பெயர் அவருடைய மருமகனுடையது.

அதனால் முந்தின நாளே உட்கார்ந்து பாருங்கள். லெஃப்டினன்ட் இங்கே லூட்டெனன்ட். கர்னல் என்று நாம் சொல்வது இங்கே 'கெர்னல்'. 'மரீன் கார்ப்ஸ்' என்று வாசித்துவிடாதீர்கள், 'கோர்' என்பதுதான் உச்சரிப்பு. கார்ப்ஸ் என்றால் பிணம் என்று காதில் விழும், அந்த இடத்தில் அதைவிடக் கொடுமை வேறில்லை. 'எஸ்பிசி' என்று சுருக்கமாக இருந்தால் ஸ்பெஷலிஸ்ட், 'பிஎஃப்சி' என்றால் பிரைவேட் ஃபர்ஸ்ட் கிளாஸ். முழுதாகச் சொல்லுங்கள்.

தமிழில் எல்லோரையும் வீரர் என்று சொல்லிவிடலாம். இங்கே முடியாது. சோல்ஜர் என்றால் தரைப்படையில் இருந்தவர் மட்டும். மரீனை சோல்ஜர் என்று சொன்னால் குடும்பத்தார் உடனே திருத்துவார்கள். கடற்படை என்றால் செயிலர், விமானப்படை என்றால் ஏர்மன்.

உங்களுக்கு ஒரு பெயர் கொடுக்கப்பட்டிருந்தால் அவரைப் பற்றி ஒரு பத்தியாவது படியுங்கள். எந்த ஊர், என்ன வயது, என்ன பிடிக்கும். ஹிஸ்பானிக், வியட்நாமிய, சமோவா பெயர்கள் நிறைய வரும். நம் பெயரை இந்த நாட்டில் எத்தனை பேர் எத்தனை விதமாகக் கடித்துத் துப்புகிறார்கள் என்று நமக்குத் தெரியும். அந்த வலி தெரிந்த நாம் இன்னொருவர் பிள்ளையின் பெயரை ஐந்து தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போகலாம். நம் ஊரில் நடுகல் நட்டுப் பெயரைப் பொறித்ததும் இதற்காகத்தானே.

படி 4: பையில் வைக்க வேண்டியவை

ஹெய்ன்ஸ் பாயிண்டில் இரண்டு பக்கமும் தண்ணீர், காற்று பிய்த்துக்கொண்டு போகும். இரண்டு அடுக்குச் சட்டை, விரல் பிடிப்பு உள்ள கையுறை, தொப்பி, தண்ணீர், வாழைப்பழம், ஒரு பழைய துண்டு. துண்டு எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன். நீலச் சட்டை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். சாலைகளை அடைத்துவிடுவார்கள், காரை நம்ப வேண்டாம்.

படி 5: கொடி பிடிக்கும் முறை

கம்பத்தை இடது கையில் பிடித்து அடிப்பகுதியை இடுப்பில் முட்டுக் கொடுங்கள். வலது கை சும்மா இருக்கட்டும், ஓடுபவர்கள் நூற்றுக்கணக்கில் உங்கள் உள்ளங்கையைத் தட்டிவிட்டுப் போவார்கள். காற்றில் துணி கம்பத்தோடு சுற்றிக்கொள்ளும். உதறாதீர்கள், கம்பத்தை மெதுவாக எதிர்ப்பக்கம் திருப்பினால் தானே பிரிந்துவிடும். கை வலித்தால் வேலியில் சாய்த்துவைக்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். தவறித் தரையில் பட்டுவிட்டால் பதறாதீர்கள். தரையில் பட்ட கொடியை எரிக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள், அப்படி விதி எதுவும் இல்லை. எடுத்துத் துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

தேசிய கீதம் ஒலித்தால் தொப்பியைக் கழற்றி வலது கையை நெஞ்சில் வையுங்கள். சல்யூட் அடிப்பது படையினரின் உரிமை, நாம் செய்ய வேண்டாம்.

சரி, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? இந்த மாரத்தானில் மைலுக்கு 14 நிமிடம் என்பது கடைசி வேகம். அந்த வேகத்தில் வருபவர்களுக்குப் பன்னிரண்டு மைல் தாண்ட 2 மணி 48 நிமிடம் ஆகும். முதலில் பறந்து வருபவர்களிலிருந்து அவர்கள்வரை எல்லோருக்கும் கொடி நிமிர்ந்து நிற்க வேண்டும். பின்னால் வருபவர்களில்தான் கணவர் படத்தை முதுகில் குத்திக்கொண்டு வரும் மனைவிகளும், மகனின் பூட்ஸைத் தோளில் தொங்கவிட்டு வரும் அப்பாக்களும் அதிகம் என்பது என் அனுபவம். பாதியில் கிளம்பிவிடாதீர்கள்.

படங்கள் இருக்கும் பகுதியில் கைதட்டல், விசில், "கமான், இன்னும் கொஞ்சம்தான்" எதுவும் வேண்டாம். கொடிப் பகுதி வந்தபிறகு உற்சாகப்படுத்தலாம்.

படி 6: குடும்பங்களோடு பேசும்போது

கோல்ட் ஸ்டார் குடும்பம் என்று கேள்விப்படுவீர்கள். 1917-ல், முதல் உலகப் போர்க் காலத்தில், பிள்ளை படையில் இருக்கும் வீட்டு ஜன்னலில் நீல நட்சத்திரம் வைத்த கொடியைத் தொங்கவிடும் பழக்கம் வந்தது. பிள்ளை இறந்துவிட்டால் அது பொன் நட்சத்திரமாகும். சட்டையில் சின்னதாகப் பொன் நட்சத்திரம் குத்தியிருந்தால் அவர்கள் யாரென்று புரிந்துகொள்ளுங்கள்.

"எப்படி இறந்தார்" என்று கேட்காதீர்கள். "இன்னொரு பிள்ளை இருக்கிறதே" என்று நம் ஊர் பாணியில் தேற்றவும் வேண்டாம். "அவரைப் பற்றிச் சொல்லுங்களேன்" என்று கேளுங்கள், அது போதும். இரண்டாம் வருடம் ஒரு அம்மா தன் மகன் படத்துக்கு எதிரே புல்லில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் அப்படிக் கேட்டதும், மகன் நூடுல்ஸைப் பாத்திரத்தோடு தின்று கழுவாமல் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவான் என்று ஆரம்பித்தார். அப்புறம் முக்கால் மணி நேரம் பேசினார், சிரித்தார். ஓடிவந்த ஒரு இளைஞன் படத்தின் முன் நின்று பெயரை உரக்க வாசித்தான், சட்டத்தைத் தொட்டுவிட்டு ஓடினான். அவனை அவருக்குத் தெரியாது. "பார்த்தாயா, பெயரைச் சொன்னான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அழுகை வந்தால் அழுங்கள், யாரும் எதுவும் நினைக்கமாட்டார்கள். பேச்சு வராவிட்டால் பக்கத்தில் நில்லுங்கள்.

படி 7: கழற்றி அடுக்குவது

கடைசி ஆள் போனதும் சாலையைத் திறக்க அவசரப்படுவார்கள். அந்த அவசரத்தில் படங்களைக் குப்புறப் போடாதீர்கள், சட்டத்தின் மேல் சட்டம் உரசும்படி வைக்காதீர்கள். அதிகாலைப் பனியும் சாலை அழுக்கும் படத்தில் படிந்திருக்கும். பழைய துண்டு இதற்குத்தான். முகத்தைத் துடைத்து, நட்டுவைத்த வரிசை மாறாமல் இருவர் இருவராகப் பெட்டியில் இறக்குங்கள். குடும்பத்தார் யாராவது இன்னும் நின்றுகொண்டிருந்தால் அவர்கள் படத்தைக் கடைசியாக எடுங்கள். முடிந்தால் அவர்களே பெட்டிக்குள் வைக்கட்டும்.