நங்கூரம் போட்டால் மட்டும் படகு நிற்காது: கரையோரப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மூக்கையூரில் நின்றுகொண்டிருந்தேன். தூத்துக்குடியிலிருந்து ஃபைபர் படகில் இரண்டு தம்பிகள் வந்து சேர்ந்தார்கள். புதுப் படகு, 9.9 குதிரைத்திறன் எஞ்சின், மண்டபம் வரை போகிற திட்டம். ஒருவர் எஞ்சினை அணைத்தார். இன்னொருவர் நங்கூரத்தைக் கயிற்றுச் சுருளோடு சேர்த்துத் தூக்கி வீசினார். அது தரையைத் தட்டியதும் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு, "கெட்டியா நிக்குதுண்ணே" என்றார். பல வருடங்களுக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன்.

லைஃப் ஜாக்கெட் போடு, எண்ணெய் இருக்கிறதா பார், வானிலை கேள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். தெரிந்த மாதிரி இருந்து ஏமாற்றுகிற விஷயங்கள்தான் இவை.

மண்ணெண்ணெயில் ஓடும்போதே எஞ்சினை அணைப்பது

நம் பக்கத்து மண்ணெண்ணெய் எஞ்சின்கள் பெட்ரோலில் கிளம்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறுகிறவை. நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே பெட்ரோலுக்குத் திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். காலையில் குளிர்ந்த எஞ்சினின் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுபோகும். எஞ்சின் மட்டும் கிளம்பாது.

தண்ணீர் நூலை மறப்பது

எஞ்சினைக் குளிர்வித்துவிட்டு அதன் பக்கவாட்டில் நூல் மாதிரி பீய்ச்சுகிற தண்ணீரை அடிக்கடி திரும்பிப் பாருங்கள். அது நின்றால் உடனே எஞ்சினை அணையுங்கள். பெரும்பாலும் அடியில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கும், அல்லது அந்தத் துளையில் மணல் அடைத்திருக்கும். மெல்லிய கம்பியால் குத்தினால் சரியாகிவிடும். அப்படியும் வரவில்லையென்றால் உள்ளே தண்ணீர் இறைக்கிற ரப்பர் சக்கரம் போயிருக்கும். அதைக் கடலில் வைத்து மாற்றுவதற்குள் உயிர் போய்விடும். வருடத்துக்கு ஒருமுறை கரையிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

கயிற்றில் கஞ்சத்தனம்

இதற்கு மட்டும் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

நங்கூரம் எடையால் படகை நிறுத்துவதில்லை. அதன் கொழு மணலில் படுத்து, உழுது, புதைந்தால்தான் பிடிக்கும். அதற்குக் கயிறு கிட்டத்தட்டப் படுக்கையாக இழுக்க வேண்டும். கயிறு குட்டையாக இருந்தால் ஒவ்வொரு அலைக்கும் அணியம் (படகின் முன்பக்கம்) மேலே எழும்போது நங்கூரத்தையும் சேர்த்துப் பிடுங்கும்.

கணக்கு கஷ்டமில்லை. ஒரு பாகம் என்பது இரண்டு கைகளையும் விரித்த நீளம், ஏறக்குறைய 6 அடி. ஆழம் 2 பாகம், தண்ணீருக்கு மேல் அணியத்தின் உயரம் அரைப் பாகம் என்றால் மொத்தம் இரண்டரை. பகலில் சற்று நேரம் நிற்க அதைப் போல் ஐந்து மடங்கு, அதாவது பன்னிரண்டரைப் பாகம் விட வேண்டும். ராத்தங்கலுக்கு ஏழு மடங்கு, பதினேழரை. நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே இரண்டு மூன்று மீட்டர் சங்கிலி.

வாலிநோக்கத்துக்கு மேற்கே ஒரு மாசி மாத மாலையில் நான் விட்டது ஐந்தே பாகம். கடல் குளம் மாதிரி கிடந்தது. கரைப்பக்கம் பாறை இல்லை என்று பார்த்துவைத்தேன். கடல் பக்கம் பார்க்கவில்லை, ஏனென்றால் காற்று கடலிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. நள்ளிரவுக்குப் பிறகு கரைக்காற்று கிளம்பியது. படகு மெதுவாகத் திரும்பி, நங்கூரத்தை இழுத்துக்கொண்டு வெளிக்கடலை நோக்கி நகர ஆரம்பித்தது. வெளியே போகப்போக ஆழம் கூடும், ஆழம் கூடக்கூட என் ஐந்து பாகம் இன்னும் குட்டையாகும். நான் நன்றாகத் தூங்கினேன். எழுப்பியது 'டக்' என்ற சத்தம். படகு பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், ஏறியிருந்தது. எஞ்சினைத் தூக்கி வைக்கவும் இல்லை. புரொப்பெல்லரின் இரண்டு இலைகள் மடங்கி, அதற்குக் கீழே இருக்கிற துடுப்பு உடைந்து, கியர் பெட்டி விரிசல் விட்டிருந்தது. செலவு 38,000 ரூபாய். படகில் மீதிக் கயிறு இருபது பாகம் சுருண்டே கிடந்தது. அதை நினைத்தால்தான் இன்னமும் வயிறு எரிகிறது.

இப்போது நான் செய்வது இதுதான். படகை நிறுத்தி, அது பின்னுக்குப் போகத் தொடங்கும்போது நங்கூரத்தைக் கையால் இறக்குவேன். பாகம் பாகமாக எண்ணிக் கயிறு விடுவேன். கட்டிய பிறகு எஞ்சினை ரிவர்ஸில் மெல்ல இழுக்கவிட்டு, கயிற்றின் மேல் உள்ளங்கையை வைப்பேன். பிடித்திருந்தால் கயிறு விறைப்பாக அமைதியாக இருக்கும். இழுபட்டால் கரடுமுரடான ரோட்டில் சைக்கிள் ஓட்டுவது மாதிரி கை அதிரும். அதிர்ந்தால் எடுத்துத் திரும்பப் போட வேண்டியதுதான். அப்புறம் கரையில் இரண்டு அடையாளங்கள்: முன்னால் ஒரு பனை, அதற்குப் பின்னால் ஒரு கோபுரம். இரண்டும் விலகாமல் ஒரே கோட்டில் நிற்கும்வரை தூங்கலாம். கரைக்காற்றில் படகு எந்தப் பக்கம் திரும்பும் என்று பொழுது சாய்வதற்கு முன்பே பார்த்துவிடுவேன்.

போன் வரைபடத்தில் நேர்கோடு போடுவது

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள். அவற்றில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் பவளப்பாறை வெட்டியெடுத்ததால் கடலுக்குள் போய்விட்டவை. மேலே ஒன்றும் தெரியாது, கீழே பாறை காத்திருக்கும். சூரியன் உச்சியில் இருக்கும்போது கடந்தால் நிறம் காட்டிக்கொடுக்கும்: வெளிர் பச்சை என்றால் மணல், பழுப்புத் திட்டு என்றால் பாறை. இந்தத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா, அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது. பவளத்தின் மேல் நங்கூரம் பாய்ச்சினால் அதையும் உடைப்பீர்கள், நங்கூரத்தையும் இழப்பீர்கள்.

புரொப்பெல்லரில் சுற்றிய நரம்பு

சுற்றிய தூண்டில் நரம்பை அறுத்தால் மட்டும் போதாது. புரொப்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே புகுந்த நரம்பு, தண்ணீர் புகாமல் தடுக்கிற 'சீல்' வளையத்தை அறுத்துவிடும். கியர் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் இறங்கியாயிற்று.

ஈரத்தின் மேல் ஒட்டுப் போடுவது

படகு விரிசலில் ஈரம் இருந்தால் ஒட்டு பிடிக்காது. நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, காயவைத்து, தேய்த்து, அப்புறம் எம்-சீல் பசை.

கயிற்றின் மறுமுனை

அதைப் படகில் கட்டுங்கள். சிரிக்க வேண்டாம். கீழக்கரைக்கு நேரே ஒரு நங்கூரமும் புத்தம் புதுக் கயிறும் என் பெயரில் கிடக்கின்றன.