குடும்பத்தோடு காம்பிங்: காசைக் கரைக்கும் தவறுகள்

காம்பிங் போக முடிவெடுத்தவுடன் கொழும்பில் பல குடும்பங்கள் செய்கிற முதல் வேலை கடைக்கு ஓடுவதுதான். டென்ட், ஸ்லீப்பிங் பேக், மடக்குக் கதிரை, பெரிய ஐஸ் பெட்டி என்று ஒரே நாளில் பெருந்தொகை போய்விடும். பிள்ளைகளுக்கு அது பிடிக்குமா என்றே இன்னும் தெரியாது. டென்டை நாள் வாடகைக்குக் கொடுப்பவர்கள் கொழும்பிலேயே இருக்கிறார்கள். ஒருமுறை வாடகைக்கு எடுத்துப் போய் வாருங்கள், வாங்குவதை அப்புறம் பார்க்கலாம்.

வாங்குவதென்றால், 'நான்கு பேருக்கு' என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். நான்கு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கிற அளவு அது, பைகளுக்கு இடம் இருக்காது. மழையைத் தாங்குமா என்பது அதைவிட முக்கியம். துணி எவ்வளவு நீரைத் தாங்கும் என்பதை மில்லிமீற்றரில் போட்டிருப்பார்கள். நம் மலைப்பக்க மழைக்கு 3000 அளவில் இருந்தால் நல்லது. தையல்களின் உட்பக்கம் நாடா ஒட்டியிருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். புறப்படுவதற்கு ஒரு கிழமை முன்பே மொட்டைமாடியில் டென்டைப் போட்டு, பத்து நிமிடம் குழாய்த் தண்ணீர் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

நாங்கள் அதைச் செய்யாமல் ஒரு ஜூன் மாதம் மேற்கு மலைச்சரிவிலுள்ள கித்துல்கலைக்குப் போனோம். இரவு பத்து மணிக்கு மழை பிடித்தது. ஸிப்புக்கு மேலே இருந்த தையலில் ஒரு துளி திரண்டு, பருத்து, சின்ன மகளின் தலையணையில் விழுந்தது. அரை மணி நேரத்தில் போர்வையெல்லாம் ஈரம். பதினொன்றரைக்குப் பக்கத்து விடுதிக் கதவைத் தட்டி, கேட்ட விலையைக் கொடுத்து அறை எடுத்தோம். பயணம் முழுவதற்கும் ஒதுக்கிய காசை அந்த ஓர் இரவே விழுங்கிவிட்டது.

டென்டை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, நாங்கள் தேர்ந்தெடுத்த மாதமும் பிழை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை நம் மேற்குப் பக்கத்து மலைச்சரிவுகளில்தான் கொட்டும். ஆகஸ்ட் லீவில் போவதானால் கிழக்குப் பக்கம் பாருங்கள். டிசம்பரில் மழை அந்தப் பக்கம் மாறிவிடும். ஜனவரி, பெப்ரவரியில் ஹோர்ட்டன் சமவெளி போன்ற இடங்களில் உறைபனியே விழும். அங்கே குளிர் நிலத்திலிருந்துதான் ஏறும். விலை கூடிய ஸ்லீப்பிங் பேக் வாங்கிவிட்டு, அடியில் ஒன்றும் விரிக்காமல் படுத்து விறைத்தவர்கள் நிறையப் பேர். உடற்பயிற்சிக்கு வைத்திருக்கும் தடித்த ரப்பர் விரிப்பை வீட்டிலிருந்து கொண்டுபோனாலே பெரிய உதவி.

போயா எனும் பௌர்ணமி விடுமுறையோடு சேர்ந்து வரும் நீண்ட லீவில் எல்லாரும் கிளம்புவதால் வான், தங்குமிடம் எல்லாமே விலை ஏறிவிடும். சாதாரண கிழமை நாளொன்றில் லீவு எடுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள். வான் பேசும்போது ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர் அடக்கம், கூடினால் என்ன கணக்கு, இரவு தங்கும் ட்ரைவருக்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே கேளுங்கள். சண்டை வருவது அங்கேதான்.

லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ உறவினர் வந்திருக்கும்போது தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் நம்முடையதை விடப் பல மடங்கு. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டையோ அடையாள அட்டையையோ மறக்காமல் எடுத்து வரட்டும். பூங்காவுக்குள் கூடாரம் போட வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்பதிவு வேண்டும். ஜீப் செலவும் சேரும். அதனால் முதல் பயணத்துக்கு பெலிஹுல்ஓயா போன்ற ஓர் ஆற்றங்கரை போதும் என்பது என் எண்ணம்.

சாப்பாட்டில் ஆசைக்கு அளவு வேண்டும். முதல் இரவுக்குக் கட்டுச்சோறு, மறுநாள் காலை பாணும் சீனிச் சம்பலும். சீனிச் சம்பலுக்கு ஐஸ் தேவையில்லை. கோழி சுடத்தான் வேண்டும் என்றால் போயாவுக்கு முந்தின நாளே வாங்கிவிடுங்கள், போயாவன்று இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும். காசு கொடுத்து ஐஸ் வாங்கவும் வேண்டாம். தண்ணீர்ப் போத்தல்களை இரண்டு நாள் முன்பே ஃப்ரீஸரில் உறைய வைத்து, அவற்றின் நடுவே கோழியை வையுங்கள். உருகியபின் அதுவே பிள்ளைகளுக்குக் குடிதண்ணீர்.